சூத்திரத்துக்கு முன்னால் சராசரி

பத்தாம் வகுப்புக் கணிதத்தில் கூட்டுத் தொடர்வரிசையை எளிய பகுதி என்றே மாணவர்களும் ஆசிரியர்களும் கருதுகிறார்கள். அதற்குக் காரணமும் உண்டு. ஓர் எண்ணில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் அதே அளவைக் கூட்டிக்கொண்டே போனால் கிடைக்கும் வரிசை இது. 3, 7, 11, 15 என்பதைப் போல. முதல் உறுப்பு, பொது வித்தியாசம், உறுப்புகளின் எண்ணிக்கை, கடைசி உறுப்பு, கூடுதல் என்று ஐந்து அளவுகள். அவற்றை இணைக்க இரண்டு சூத்திரங்கள். மூன்று தெரிந்தால் மீதி இரண்டையும் பிடித்துவிடலாம். தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ என்ற இயலில் வரும் இந்தப் பகுதியை இலங்கையில் ‘கூட்டல் விருத்தி’ என்று கற்பிக்கிறார்கள். பெயர் எதுவானாலும் பயிற்சி ஒன்றுதான்: கொடுத்ததை எழுது, சூத்திரத்தை எழுது, பிரதியிடு, சுருக்கு. இந்த நான்கு படிகளில் அடங்கும் கேள்வி வந்தால் முழு மதிப்பெண் கிடைக்கிறது. கேள்வியைச் சற்றுத் திருப்பிப் போட்டால், இரண்டு சமன்பாடுகளும் ஒரு பக்கம் நிறையச் சுருக்கலும் வந்துசேர்ந்து, வழியில் எங்கோ ஒரு குறி மாறி, கணக்கு பாதியில் நின்றுவிடுகிறது.

கூட்டுத் தொடர்வரிசைக் கணக்குகளைப் போட உண்மையில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதே இங்கே ஆராய வேண்டிய கேள்வி. இரண்டு சூத்திரங்கள் போதும் என்பது வழக்கமான பதில். அந்தச் சூத்திரங்களுக்கு அடியில் இருக்கும் ஒரே ஒரு செய்தி தெரிந்தால் போதும், சூத்திரங்கள் அதன் சுருக்கக் குறிப்புகள்தாம் என்பது என் பதில். கூட்டுத் தொடர்வரிசையின் சராசரி அதன் இரு முனைகளுக்கும் சரிநடுவில் இருக்கிறது என்பதே அந்தச் செய்தி. கணக்கை முதல் உறுப்பிலிருந்து தொடங்காமல் நடுவிலிருந்து தொடங்கினால், கடினம் என்று பெயர்பெற்ற கேள்விகளில் பெரும்பாலானவை இரண்டு மூன்று வரிகளில் முடிகின்றன. நாகரிகங்கள் பல இந்தக் கணக்குகளை முதலில் அணுகியதும் இந்த வழியில்தான். நம் பாடநூல்கள் சூத்திரத்தை முன்னால் வைத்துச் சராசரியைப் பின்னுக்குத் தள்ளியதால் ஏற்பட்ட இழப்பு சிறியதன்று.

அந்தச் செய்தி ஏன் உண்மை என்பதை முதலில் பார்த்துவிடலாம். வரிசையின் முதல் உறுப்பிலிருந்து ஓர் அடி முன்னே வாருங்கள். கடைசி உறுப்பிலிருந்து ஓர் அடி பின்னே வாருங்கள். ஒன்று எவ்வளவு கூடியதோ மற்றது அவ்வளவே குறைந்தது. எனவே இரண்டின் கூடுதல் மாறவில்லை. 3, 7, 11, 15, 19 என்ற வரிசையில் 3-ம் 19-ம் சேர்ந்தால் 22, 7-ம் 15-ம் சேர்ந்தாலும் 22, நடுவில் தனியே நிற்கும் 11 அதன் பாதி. ஆகவே ஐந்து உறுப்புகளின் சராசரி 11, கூடுதல் 55. உறுப்புகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் நடுவில் உறுப்பு எதுவும் இராது, ஆனால் நடு என்ற இடம் இருக்கும். 3, 7, 11, 15 என்பதன் நடு 9. அந்த 9 வரிசையில் இல்லை, ஆனாலும் சராசரி அதுவே, கூடுதல் 36. ‘கூடுதல் என்பது எண்ணிக்கை பெருக்கல் சராசரி’ என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த உண்மை. சராசரியைக் கண்டுபிடிக்க எல்லா உறுப்புகளும் தேவையில்லை, இரு முனைகள் போதும் என்பது மட்டுமே கூட்டுத் தொடர்வரிசை புதிதாகத் தரும் சலுகை.

இந்த வழி எவ்வளவு பழையது என்பதற்குச் சான்று எகிப்திலிருந்து கிடைக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ரைண்ட் பாப்பிரஸ் சுருள், பொ.ஆ.மு. 1550-ஐ ஒட்டி அக்மோஸ் என்ற எழுத்தர் அதைவிடப் பழைய ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதியது. அதன் 64-ஆவது கணக்கு, 10 ஹெக்காத் (எகிப்தியத் தானிய அளவு) வாற்கோதுமையைப் பத்துப் பேருக்குப் பிரிக்கச் சொல்கிறது. அடுத்தடுத்த இருவரின் பங்குகளுக்கிடையே 1/8 ஹெக்காத் வித்தியாசம் இருக்க வேண்டும். எழுத்தர் முதல் உறுப்பைத் தேடிப் போகவில்லை. சராசரிப் பங்கு 1 ஹெக்காத் என்று எடுத்துக்கொள்கிறார். பத்தில் ஒன்று குறைத்து 9. வித்தியாசத்தில் பாதி 1/16. ஒன்பது முறை 1/16 என்பது 9/16. அதைச் சராசரியோடு கூட்டி, மிகப்பெரிய பங்கு 1 9/16 என்கிறார். பிறகு ஒவ்வொன்றாக 1/8 குறைத்துக்கொண்டே வந்தால் கடைசிப் பங்கு 7/16-இல் முடிகிறது. எந்தக் குறியீடும் இல்லாமல், நடுவிலிருந்து முனைக்கு அரை அரை அடியாக நடந்து விடை கண்டிருக்கிறார். இன்றைய முறையில் இதே கணக்கைப் போடும் மாணவர் கூடுதலின் சூத்திரத்தில் பிரதியிட்டு, அடைப்புக்குறியை விரித்து, முதல் உறுப்பைத் தனிமைப்படுத்தி, அதன் பிறகுதான் பங்குகளுக்கு வருவார்.

அதே சுருளின் 40-ஆவது கணக்கு இன்னும் சுவையானது. 100 ரொட்டிகளை ஐந்து பேருக்குக் கூட்டுத் தொடர்வரிசையில் பிரிக்க வேண்டும். பெரிய மூன்று பங்குகளின் கூடுதலில் ஏழில் ஒரு பாகம், சிறிய இரண்டு பங்குகளின் கூடுதலுக்குச் சமமாக இருக்க வேண்டும். எழுத்தர் 1-இல் தொடங்கி 5½ வித்தியாசத்தோடு ஒரு போலி வரிசையை எழுதுகிறார். அதன் கூடுதல் 60 என்று கண்டு, எல்லாவற்றையும் 1 2/3 மடங்காக்குகிறார். அந்த 5½ எப்படி வந்தது என்று சொல்லவில்லை. நடுவிலிருந்து பார்த்தால் இந்தக் கணக்கில் மறைபொருள் எதுவும் இல்லை. ஐந்து பங்குகளின் சராசரி 20, அதுவே நடுப்பங்கு. வித்தியாசத்தை ‘வி’ என்று குறித்தால் பெரிய மூன்றின் கூடுதல் 60 + 3வி, சிறிய இரண்டின் கூடுதல் 40 − 3வி. முன்னது பின்னதைப் போல் ஏழு மடங்கு என்பதால் 60 + 3வி = 280 − 21வி. ஆகவே 24வி = 220, வித்தியாசம் 9 1/6. பங்குகள் 1 2/3, 10 5/6, 20, 29 1/6, 38 1/3. முதல் உறுப்பையும் வித்தியாசத்தையும் இரண்டு தெரியாத அளவுகளாக வைத்து இரண்டு சமன்பாடுகளைத் தீர்த்தாலும் இதே விடை வரும். ஆனால் நடுப்பங்கு கையில் இருக்கும்போது தெரியாத அளவு ஒன்றுதான்.

இந்தியக் கணித மரபில் இந்தக் கருத்து வெளிப்படையாகவே விதியாக வந்திருக்கிறது. பொ.ஆ. 499-இல் எழுதப்பட்ட ஆரியபட்டீயத்தின் கணிதபாதம் 33 செய்யுள்கள் கொண்டது. அதில் 19-ஆவது செய்யுள் கூட்டுத் தொடர் பற்றியது. எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, பாதியாக்கி, வித்தியாசத்தால் பெருக்கி, முதல் உறுப்பைக் கூட்டினால் நடு மதிப்பு. அதை எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தம். அல்லது முதலையும் கடைசியையும் கூட்டி எண்ணிக்கையின் பாதியால் பெருக்கு. இவையே ஆரியபட்டர் தரும் இரு வழிகள், முதலில் வருவது சராசரியின் வழி. பொ.ஆ. 1150-இல் பாஸ்கராச்சாரியர் எழுதிய லீலாவதியிலும் அதே ஒழுங்கு: முதலில் கடைசி உறுப்பு, பிறகு நடு மதிப்பு, அதன் பிறகே மொத்தம். நடு மதிப்பு அங்கே சூத்திரத்தின் உள்ளே கரைந்துபோன இடைநிலை அளவு அன்று. தனித்து நின்று விசாரிக்கப்படும் அளவு. கேரள மரபைச் சேர்ந்த நீலகண்ட சோமயாஜி ஆரியபட்டீயத்துக்கு எழுதிய உரையில் இதற்கு வடிவவியல் விளக்கமே கொடுத்தார். தொடரைப் படிக்கட்டு வடிவமாக வரைந்து, அதே போன்ற இன்னொரு படிக்கட்டைத் தலைகீழாகப் பொருத்தினால் செவ்வகம் உருவாகிறது. அந்தச் செவ்வகத்தில் பாதிதான் தொடரின் கூடுதல். இதற்குமேல் ஒரு நிறுவல் தேவையில்லை.

சீனத்தில் ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜாங் சியூஜியனின் கணித நூலில் நெசவுக்காரப் பெண்ணைப் பற்றிய இரு கணக்குகள் இருக்கின்றன. முதல் நாள் 5 அடி நெய்தவள் நாள்தோறும் ஒரே அளவு குறைந்து, முப்பதாம் நாள் 1 அடி நெய்கிறாள் என்றால் மொத்தம் எவ்வளவு? சராசரி 3, முப்பது நாளுக்கு 90. இன்னொருத்தி முதல் நாள் 5 அடி நெய்து, நாள்தோறும் ஒரே அளவு கூட்டி, முப்பது நாளில் 390 அடி நெய்துவிடுகிறாள். நாளொன்றுக்குக் கூடியது எவ்வளவு? சராசரி 13. முதல் நாளிலிருந்து சராசரிக்கு 8 ஏற்றம் என்றால் முதல் நாளிலிருந்து கடைசி நாளுக்கு 16 ஏற்றம். இடையில் 29 தாவல்கள். ஆகவே நாளொன்றுக்கு 16/29 அடி. ஐரோப்பாவில் எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த அல்குயினின் பெயரில் வழங்கும் புதிர்த் தொகுப்பில், 100 படிகள் கொண்ட ஏணியில் முதல் படியில் ஒரு புறா, இரண்டாம் படியில் இரண்டு என்று உட்கார்ந்திருக்கின்றன. 1-ஐ 99-உடனும், 2-ஐ 98-உடனும் சேர்த்து 49 நூறுகளைக் கட்டி, தனித்து நிற்கும் 50-ஐயும் 100-ஐயும் கூட்டி 5050 என்று அந்த நூல் முடிக்கிறது. இதையே சிறுவன் காஸ் வகுப்பறையில் கண்டுபிடித்தான் என்ற கதையைக் கேட்காத கணித ஆசிரியர் இல்லை. காஸ் இறந்த மறு ஆண்டான 1856-இல் வால்டர்ஸ்ஹாசன் எழுதிய நினைவு நூல்தான் அந்தக் கதைக்கு மூலம். ஆசிரியர் ஒரு கூட்டுத் தொடரைக் கூட்டச் சொன்னார் என்றுதான் அதில் இருக்கிறது, 1 முதல் 100 வரை என்று இல்லை. 1937-இல் கணித வரலாற்று எழுத்தாளர் ஈ. டி. பெல் 81297-இல் தொடங்கி 198 வித்தியாசத்தோடு 100899 வரை செல்லும் நூறு எண்களை உதாரணமாக எழுதினார். கதையின் விவரம் எப்படியிருந்தாலும், காஸ் பிறப்பதற்கு ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுக்கு முன்பே சோடி சேர்க்கும் உத்தி எழுத்தில் இருந்தது. அதை ஒரு மேதையின் மின்னல் வெட்டாக மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது, சாதாரண மாணவருக்கு அது எட்டாது என்ற எண்ணத்தை விதைக்கிறது.

வரலாற்றை விட்டு இன்றைய வினாத்தாளுக்கு வருவோம். கூட்டுத் தொடர்வரிசையில் அமைந்த மூன்று எண்களின் கூடுதல் 27, பெருக்கற்பலன் 288 என்றால் எண்கள் யாவை? நடு எண் 9 என்று கூடுதலே சொல்லிவிடுகிறது. மற்றவை 9 − வி, 9 + வி; அவற்றின் பெருக்கற்பலன் 32 ஆக வேண்டும்; ஆகவே 81 − 32 = 49, வித்தியாசம் 7. எண்கள் 2, 9, 16. இந்த உத்தியைப் பாடநூல்களே சொல்லித் தருகின்றன, ஆனால் ‘மூன்று உறுப்புகள் கேட்டால் இப்படி எடுத்துக்கொள்’ என்ற தனிக் கட்டளையாக. அதனால்தான் நான்கு உறுப்புகள் வரும்போது இடறுகிறது. 32-ஐக் கூட்டுத் தொடர்வரிசையில் நான்கு பாகமாக்க வேண்டும். முனைகளின் பெருக்கற்பலனுக்கும் நடு இரண்டின் பெருக்கற்பலனுக்கும் விகிதம் 7 : 15. சராசரி 8, அது இரண்டாம், மூன்றாம் உறுப்புகளுக்கு இடையில் விழுகிறது. எனவே நடுவிலிருந்து அரை அடியை அளவாகக் கொண்டால் உறுப்புகள் 8-க்கு இருபுறமும் ஓர் அரையடியிலும் மூன்று அரையடியிலும் நிற்கும். அரையடியின் வர்க்கத்தை 64-இலிருந்து ஒரு முறையும் ஒன்பது முறையும் கழித்து விகிதத்தை எழுதினால் அரையடி 2 என்று வருகிறது. எண்கள் 2, 6, 10, 14. இங்கே வித்தியாசம் 4, அரையடி 2. கட்டளையை மட்டும் மனப்பாடம் செய்தவர் 2-ஐயே பொது வித்தியாசம் என்று எழுதிவிடுவார். நடு எங்கே விழுகிறது என்று பார்த்தவருக்கு அந்தக் குழப்பம் வராது.

நடுவிலிருந்து பார்க்கும் வழியின் உண்மையான வலிமை கூடுதல்களைப் பற்றிய கேள்விகளில் தெரிகிறது. முதல் 7 உறுப்புகளின் கூடுதல் 49, முதல் 17 உறுப்புகளின் கூடுதல் 289. முதல் உறுப்புகள் எத்தனை எடுத்தாலும் அவற்றின் கூடுதல் என்ன? வழக்கமான முறையில் கூடுதல் சூத்திரத்தை இரண்டு முறை எழுதி, இரு தெரியாத அளவுகளைத் தீர்த்து, மறுபடியும் பிரதியிட வேண்டும். சராசரி முறையில், ஏழு உறுப்புகளின் சராசரி 7, அது நான்காம் உறுப்பு. பதினேழின் சராசரி 17, அது ஒன்பதாம் உறுப்பு. நான்கிலிருந்து ஒன்பதுக்கு ஐந்து தாவல்களில் 10 ஏறியிருக்கிறது, வித்தியாசம் 2. நான்காம் உறுப்பு 7 என்றால் முதல் உறுப்பு 1. இவை ஒற்றைப்படை எண்கள். எத்தனை உறுப்புகள் எடுத்தாலும் கூடுதல் அந்த எண்ணிக்கையின் வர்க்கம். பேனா எடுக்காமல் முடிந்துவிடுகிற கணக்கு இது. இதைவிடப் பெரிய பூதமாகக் கருதப்படுவது விகிதக் கணக்கு: இரு கூட்டுத் தொடர்களில் ‘எ’ உறுப்புகளின் கூடுதல்கள் 7எ + 1 : 4எ + 27 என்ற விகிதத்தில் இருந்தால், அவற்றின் பதினோராம் உறுப்புகளின் விகிதம் என்ன? பதினோராம் உறுப்பு எத்தனை உறுப்புகளுக்கு நடு என்று கேட்டால் போதும்: முன்னால் பத்து, பின்னால் பத்து, ஆக 21. எ-க்கு 21 போட்டால் 148 : 111, அதாவது 4 : 3. இதற்கு 21 எங்கிருந்து வந்தது என்று புரியாமல், ‘இரண்டால் பெருக்கி ஒன்று கழி’ என்று வழிகாட்டி நூல்களிலிருந்து உருப்போடும் மாணவர்கள் எத்தனை பேர்!

பாடத்திட்டத்தின் வேலிக்கு அப்பாலும் இந்தப் பார்வை கொண்டுசெல்கிறது. 1000 என்ற எண்ணை அடுத்தடுத்த மிகை முழு எண்களின் கூடுதலாக எத்தனை வகையில் எழுதலாம்? சூத்திரத்தோடு போனால் இரண்டு தெரியாத அளவுகளும் ஒரே சமன்பாடும். பலர் இங்கேயே கைவிடுவார்கள். எண்ணிக்கையையும் சராசரியையும் பெருக்கினால் 1000 என்று பார்த்தால், இது காரணிகளைத் தேடும் கணக்காக மாறிவிடுகிறது. எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் சராசரி முழு எண். ஐந்து எண்கள், சராசரி 200: அவை 198 முதல் 202 வரை. இருபத்தைந்து எண்கள், சராசரி 40: அவை 28 முதல் 52 வரை. நூற்றிருபத்தைந்து எண்கள், சராசரி 8 என்று எடுத்தால் −54 முதல் 70 வரை போகும்; குறை எண்கள் மிகை எண்களோடு கழிந்துபோக, 55 முதல் 70 வரை 16 எண்கள் மிஞ்சும். அவற்றின் சராசரி 62½. பதினாறால் பெருக்கினால் 1000 சரியாக வருகிறது. 1000-இன் ஒற்றைப்படைக் காரணிகள் 1, 5, 25, 125 என்ற நான்குதான். 1 என்பது 1000 தனியாக நிற்பதைக் குறிக்கும். எனவே வேறு வகையே கிடையாது, மூன்றே மூன்று. விடை கிடைத்ததோடு, இன்னொரு விடை இருக்கிறதா என்ற கவலையும் தீர்ந்துவிடுகிறது. ஓர் எண்ணின் ஒற்றைப்படைக் காரணிகள்தாம் இதைத் தீர்மானிக்கின்றன என்பதால், 64 போன்ற இரண்டின் அடுக்குகளை அடுத்தடுத்த மிகை முழு எண்களின் கூடுதலாக எழுதவே முடியாது என்பதும் இதிலிருந்தே விளங்கும். பத்தாம் வகுப்புப் பாடம் ஒன்று எண்ணியலின் வாசலைத் திறந்து காட்டும் இடம் இது. நம் பாடநூல்கள் அந்த வாசல் பக்கம் போகாமலே இயலை முடித்துவிடுவது வருத்தம் தருகிறது.

இந்தப் பகுதியில் மிக அதிகமாக நேரும் பிழை, எண்ணிக்கைக்கும் எண்ணிக்கையில் ஒன்று குறைந்ததற்கும் இடையிலான தடுமாற்றம். பத்துக் கம்பம் நட்ட வேலிக்கு ஒன்பது இடைவெளிகள்; உறுப்புகள் கம்பங்கள், வித்தியாசம் இடைவெளி. 9-ஆல் வகுபடும் மூன்று இலக்க எண்கள் எத்தனை என்றால், 108-இலிருந்து 999 வரை 891 தூரம், 9 வீதம் 99 இடைவெளிகள், ஆகவே 100 எண்கள். ஐந்தாம் உறுப்பு 38, பன்னிரண்டாம் உறுப்பு 87 என்றால் முப்பதாம் உறுப்பு என்ன என்ற கேள்விக்கும் முதல் உறுப்பு தேவையே இல்லை: ஏழு தாவல்களில் 49 ஏற்றம், வித்தியாசம் 7, பன்னிரண்டிலிருந்து இன்னும் பதினெட்டுத் தாவல்கள், 126 ஏற்றம், விடை 213. முதல் உறுப்புக்கு எந்தச் சிறப்புரிமையும் கிடையாது. வரிசையில் எங்கே நின்றுகொண்டும் நடக்கலாம்.

இனி எதிர்வாதங்களைப் பார்க்க வேண்டும். அவற்றில் வலுவானது இதுதான்: குறியீட்டுக் கணிதத்தின் பெருமையே, ஒவ்வொரு கணக்குக்கும் புதிதாக யோசிக்காமல் பொதுவான ஒரு கருவியால் எல்லாவற்றையும் தீர்ப்பதில் இருக்கிறது. நாம் யோசிக்காமலே செய்யக்கூடிய செயல்கள் பெருகப் பெருகத்தான் நாகரிகம் முன்னேறுகிறது என்ற பொருளில் கணிதவியலாளர் ஏ. என். வைட்ஹெட் 1911-இலேயே எழுதியிருக்கிறார். அப்படியிருக்க, கணக்குக்குக் கணக்கு நடுவைத் தேடுவது பின்னோக்கிய நடை ஆகாதா? இந்த வாதத்தின் முதல் பாதியை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் சராசரி வழி சூத்திரத்தைவிடப் பொதுத்தன்மையில் குறைந்ததன்று. பாடநூலின் கூடுதல் சூத்திரத்தில் எண்ணிக்கையின் பாதியை வெளியே வைத்து, முதல் உறுப்பின் இரட்டிப்பை உள்ளே வைத்திருக்கிறார்கள். அந்தப் பாதியை உள்ளே தள்ளினால் அதுவே ஆரியபட்டரின் வடிவம்: எண்ணிக்கை, பெருக்கல், நடு மதிப்பு. அடைப்புக்குறி இடம் மாறியதுதான் வேறுபாடு. ஒரு வடிவத்தில் பொருள் தெரிகிறது, மற்றதில் மறைந்துவிடுகிறது. பொருள் தெரிந்த வடிவத்தையே யோசிக்காமல் கையாளும் அளவுக்குப் பழக்குவதில் என்ன நஷ்டம்?

சமன்பாடுகளே வேண்டாம் என்பது என் நிலைப்பாடு அன்று. எண்ணிக்கை தெரியாத கணக்குகள் சிலவற்றில் இருபடிச் சமன்பாட்டைத் தவிர்க்க இயலாது. ஆரியபட்டரும் அடுத்த செய்யுளிலேயே எண்ணிக்கையைக் கண்டுபிடிக்க வர்க்கமூலம் எடுக்கும் விதியைத் தருகிறார். ஆனால் அங்கும் சராசரி உதவுகிறது. 16, 14, 12 என்று இறங்கும் வரிசையில் எத்தனை உறுப்புகளின் கூடுதல் 60? எண்ணிக்கையை ‘எ’ என்று கொண்டால் சராசரி 17 − எ. எண்ணிக்கையும் சராசரியும் சேர்ந்தால் 17, பெருக்கினால் 60. ஆகவே அவை 5-ம் 12-ம். இரண்டு விடைகளும் சரி. ஒரு கணக்குக்கு எப்படி இரண்டு விடை என்று திகைத்து ஒன்றை அடித்துவிடும் மாணவர்கள் உண்டு. ஆறாம் உறுப்பிலிருந்து பன்னிரண்டாம் உறுப்பு வரை எழுதிப் பாருங்கள்: 6, 4, 2, 0, −2, −4, −6. நடு பூச்சியம், கூடுதலும் பூச்சியம். ஆகவே ஐந்தில் நின்றாலும் பன்னிரண்டில் நின்றாலும் மொத்தம் மாறவில்லை. 3, 5, 7 என்று ஏறும் வரிசையில் கூடுதல் 120 என்றால் எண்ணிக்கை 10 அல்லது −12 என்று வரும். இரண்டாவதை விலக்குகிறோம், ஏனெனில் உறுப்புகளின் எண்ணிக்கை குறை எண்ணாக முடியாது. எதை விலக்க வேண்டும், எதை விலக்கக் கூடாது என்பதைச் சமன்பாடு சொல்லாது. வரிசையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சோடி சேர்க்கும் பழக்கம் தவறான இடத்திலும் கைவைக்கத் தூண்டும் என்றொரு எச்சரிக்கை உண்டு, அது நியாயமானது. 1, 2, 4, 8, 16 என்ற வரிசையில் முனைகள் சேர்ந்தால் 17, அடுத்த சோடி 10. வர்க்கங்களின் வரிசையிலும் இதே கதைதான். சீரான வித்தியாசம் இல்லாத இடத்தில் முனைகளின் சராசரி முழுவதன் சராசரி ஆகாது. ஆனால் இந்தத் தவற்றைத் தடுப்பது, சோடி ஏன் மாறாமல் இருக்கிறது என்ற காரணம் தெரிந்திருப்பதுதான். சூத்திரத்தை மட்டும் கற்றவருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. அவர் பெருக்குத் தொடரிலும் கூட்டுத் தொடரின் சூத்திரத்தைப் போட்டுவிட்டு, எங்கே தவறு என்று தெரியாமல் நிற்பார்.

கற்றலில் பின்தங்கிய மாணவர்களுக்குச் சூத்திரமே ஊன்றுகோல், அதைப் பிடுங்கக் கூடாது என்று பரிவோடு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பரிவை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. சராசரி என்பது அந்த மாணவருக்கு ஏற்கெனவே தெரிந்தது. கிரிக்கெட் வீரரின் ஓட்டச் சராசரியை அவர் வாயாலேயே சொல்வார். இரட்டிப்பும், ஒன்று குறைத்தலும், அடைப்புக்குறியும், பாதியும் கலந்த ஒரு கோவைதான் அவருக்கு அந்நியமானது. தேர்வில் சூத்திரம் எழுதியதற்கே தனி மதிப்பெண் உண்டே என்றால், ‘கூடுதல் = எண்ணிக்கை × சராசரி’ என்று எழுதுவதும் சூத்திரமே; அதற்கு மதிப்பெண் மறுக்க எந்தக் கணிதக் காரணமும் இல்லை.

வகுப்பறைக்கு வெளியே இந்த அறிவு பணமாகவே மதிப்புப் பெறுகிறது. மாதம் 500 ரூபாய் வீதம் 24 மாதம் தொடர் வைப்பில் போட்டால், முதல் தவணை 24 மாதம் இருக்கும், கடைசித் தவணை 1 மாதம் இருக்கும். சராசரி 12½ மாதம். தனிவட்டியாகப் பார்த்தால் 12,000 ரூபாய்க்கு 12½ மாத வட்டி. ஆண்டுக்கு 6 சதவீதம் என்றால் 750 ரூபாய். கடனில் இது இன்னும் முக்கியம். 12,000 ரூபாய்க் கடனை 12 மாதத்தில், அசலில் மாதம் 1,000 வீதம் அடைக்க வேண்டும். ‘ஃபிளாட் ரேட்’ 12 சதவீதம் என்று சொல்லி, முழு ஆண்டுக்கும் 12,000-க்கான வட்டி 1,440 ரூபாய் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிலுவைத் தொகை முதல் மாதம் 12,000, கடைசி மாதம் 1,000, சராசரி 6,500. கடன் வாங்கியவர் ஆண்டு முழுவதும் கையில் வைத்திருந்தது சராசரியாக 6,500 ரூபாய் மட்டுமே. 1,440 என்பது அதில் சுமார் 22 சதவீதம். சூத்திரத்தை மனப்பாடம் செய்து தேர்வில் தேறியவர் இந்த 12-க்குள் ஒளிந்திருக்கும் 22-ஐப் பார்ப்பாரா என்பது சந்தேகம். முனைகள் இரண்டையும் பார்த்து நடுவை எடுக்கப் பழகியவர் கடை வாசலிலேயே பார்த்துவிடுவார்.

ஆகவே பாடநூல் எழுதுவோரிடமும் வினாத்தாள் அமைப்போரிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்த இயலைச் சராசரியில் தொடங்குங்கள். படிக்கட்டுப் படத்தைப் பலகையில் வரைந்து, செவ்வகத்தை மாணவரே கண்டுபிடிக்க விடுங்கள். சூத்திரத்தை இயலின் இறுதியில் அவர்களையே எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு வினாத்தாளிலும், பிரதியிட்டுத் தீர்க்க முடியாத, நடுவைக் கண்டுபிடித்தால் மட்டும் விடை வரும் கேள்வி ஒன்றாவது இருக்கட்டும். அந்த வழியில் விடை எழுதிய மாணவரின் தாளில் ‘சூத்திரம் எழுதவில்லை’ என்று மதிப்பெண் குறைக்காதீர்கள்.